சாயங்காலக் காய்ச்சல்

ஜனவரி 10

ஏ சுண்டெலி,

எப்படி இருக்கே? தையல் மெஷினை நிறுத்திட்டு அப்படி உட்காரு, அண்ணன் பேசுறேன். மாப்பிள்ளை சுகமா? உன் முதுகுவலி தேவலையா? ஊசியை வாயில கடிச்சுக்கிட்டே பேசுற பழக்கத்தை விட்டியா இல்லையா?

நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டேன். நெஞ்சுல கட்டியிருந்த நீரெல்லாம் வத்திப் போச்சுன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. இந்தக் கடுதாசியை நானேதான் எழுதுறேன். மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துல ஒதுங்காதவனுக்கு எழுத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்காதே. கடைப் பலகையில ‘பன் தீர்ந்தது, ரொட்டி உண்டு’ன்னு சாக்பீஸால எழுதி எழுதிப் பழகின கை. படுத்துக்கிட்டே எழுதுறதுனால எழுத்தும் என்னை மாதிரியே சாஞ்சு கிடக்கு.

ஆஸ்பத்திரியில குடுத்த ரொட்டியைப் பத்திச் சொல்லணுமே. அதை வச்சு ஆணி அடிக்கலாம். நானே ரொட்டி போடுறவன், எனக்கு அதை நனைச்சு ஊட்டினா எப்படி இருக்கும்! பக்கத்துக் கட்டில்ல ஒரு லாரி டிரைவர். எனக்கு வந்த அதே வியாதி, அதே வாரம் வந்து சேர்ந்தான். அவன் இருமினா வார்டு முழுக்க அதிரும், அதனால எல்லாரும் அவனை ஹாரன்னுதான் கூப்பிடுவாங்க. “அண்ணே, உங்க ரொட்டிக்கு பிரேக் பிடிச்சுக்கிச்சு, தொண்டைக்குள்ள இறங்காம நிக்குது”ம்பான். “அது என் ரொட்டி இல்லடா பாவி”ன்னு நான் கத்துவேன். கத்தினா இருமல் வரும். ரெண்டு பேருமா இருமுவோம்.

உங்க அண்ணியால கடை அடுப்பை விட்டுட்டு வர முடியலை. ஹாரனோட அம்மாதான் ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல ஸ்டூலைப் போட்டுக்கிட்டு அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்னு ஊட்டுவாங்க. உடம்பு துடைச்சு விட்டாங்க. மூத்திரச் சட்டிகூட எடுத்து வச்சாங்க. அதை நினைச்சா இப்பவும் கண்ணை இறுக்கி மூடிக்கணும் போல இருக்கு.

ஹாரன் இப்ப இல்ல. நான் வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின வாரம் போயிட்டான்.

சரி, உன் வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு எழுதியிருந்தியே, அடைச்சாச்சா?

உன் அண்ணன்


ஜனவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இங்கே நாங்கள் நலம். முதுகு அப்படியேதான். கூரை அடைத்தாயிற்று, இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

நீ பிழைத்து வந்ததே போதும். வேறென்ன வேண்டும்? எழுந்து நடக்கிறாயா? படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? ஹாரனைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுக் கூரைக்குத் தாவிவிட்டாய். அந்த அம்மா எங்கே இருக்கிறார்கள்? தனியாகவா? உனக்கு ஊட்டிய அந்தக் கைகளுக்கு நான் ஒருமுறை வணக்கம் சொல்ல வேண்டும். அண்ணியிடம் சொல், விறகைத் தூக்க உன்னை விடவேண்டாம் என்று.

உன் தங்கை


பிப்ரவரி 18

சுண்டெலி,

சுகந்தானே? உன் கடுதாசி வந்து நாளாச்சு. பதில் போட உடம்பு ஒத்துழைக்கலை. பகல்ல பரவாயில்லை. சாயங்காலமானா ஒரு மாதிரி காய்ச்சல் வந்துடுது. படுக்கையை விட்டு நகர முடியலை.

நீ கேட்ட அம்மா, பழைய லாரி செட்டுக்குப் பின்னாடி தனியாத்தான் இருக்காங்க. சாயங்காலம் தவறாம என்னைப் பார்க்க வர்றாங்க. இங்கேர்ந்து நல்ல நடை. வந்ததும் செருப்பைக் கழட்டாம நேரா கட்டில்கிட்ட வந்து நெத்தியில கை வைப்பாங்க. அப்புறந்தான் செருப்பு ஞாபகம் வரும். அவங்க பொண்ணு உன் ஊர்லதான் இருக்காம். ஆயத்துறைத் தெருவுல பச்சைக் கதவு வீடாம். புருஷன் கப்பல் வேலைக்குப் போயிருக்கான், பொண்ணு முழுகாம இருக்கா. “போகணும் தம்பி, நீ ஒரு நடை எழுந்து நட, அப்புறம் போறேன்”ங்கறாங்க.

நேத்து மாவு மில் வாசல்ல ஒரு கூத்து. தபால்காரர் சைக்கிளைச் சாத்திட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. ஒரு ஆடு பைக்குள்ள தலையை விட்டு ஒரு கடுதாசியை உருவி மெல்ல ஆரம்பிச்சிருச்சு. இவரு இந்தப் பக்கம் இழுக்கறாரு, அது அந்தப் பக்கம் இழுக்குது. “அது பதிவுத் தபால்டி, கையெழுத்துப் போடாம தின்னக் கூடாதுடி!”ங்கறாரு. நான் சிரிச்ச சிரிப்புல டீ கிளாஸ் கைநழுவிப் போச்சு. அந்த ஆடு தின்னது உன் கடுதாசியா இருந்தா இன்னொண்ணு எழுது.

உன் அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். ஆடு என் கடிதத்தைத் தின்னவில்லை, நான்தான் எழுதவில்லை. துணி குவிந்துகிடக்கிறது.

சாயங்காலக் காய்ச்சல் எனக்குக் கவலையாக இருக்கிறது. டாக்டரிடம் திரும்பப் போனாயா? என்ன மருந்து தந்தார்? ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உன் கட்டிலிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். மாவு மில் இரண்டு தெரு தள்ளி. படுக்கையை விட்டு நகர முடியாதவன் அங்கே போய் எப்படி டீ குடித்தாய்?

உன் தங்கை


மார்ச் 29

அண்ணா,

பதில் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கும் இப்போது தயக்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயத்துறைத் தெருவுக்குப் போனேன். பச்சைக் கதவைத் தட்டினேன். ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. “அம்மாதானோன்னு நினைச்சு ஓடி வந்தேங்க” என்று சொன்னாள்.

நான் யார் என்று சொல்வதற்குள் அவளே பேசிவிட்டாள். “என் தம்பி போனதுக்கு அப்புறம் அம்மா இங்க வந்துடுவாங்கன்னு இருந்தேன். அங்க யாரோ ரொட்டிக்கடைக்காரராம். எழுந்திருக்கவே மாட்டேங்கறாராம். தம்பியோட பக்கத்துக் கட்டில் ஆளு, அவரை விட்டுட்டு எப்படி வர்றதுன்னு எழுதறாங்க. பாவம், அவரும் என்ன பண்ணுவாரு? நல்லாயிடணும்னு நானும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

நான் உன் தங்கை என்று அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. தையல்காரி, இந்தப் பக்கம் துணி கொடுக்க வந்தேன் என்று சொன்னேன். அவளுக்குத் தளர்வாக ஒரு உடுப்பு தைக்க அளவெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு உண்மையைச் சொல் அண்ணா.

உன் தங்கை


ஏப்ரல் 5

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுறேன். நீங்க எல்லாரும் சுகமா இருக்கணும். உங்க கடுதாசியை உங்க அண்ணன் படிச்சுட்டு மடிச்சு, ஈஸ்ட் டப்பாவுக்கு அடியில வச்சுட்டாரு. நான் எடுத்துப் படிச்சேன். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?

அவருக்கு ஒண்ணுமில்லை. பிப்ரவரி பொறந்ததுமே எழுந்துட்டாரு. விடியக்காலம் மாவு பிசையுறாரு, விறகு பிளக்கறாரு, ரொட்டியைப் பலகையில அள்ளி அடுப்புக்குள்ள தள்ளுறாரு. முன்னைவிட நல்லாச் சாப்பிடறாரு. சாயங்காலம் சந்துமுனையில அந்தம்மா தலை தெரிஞ்சா போதும், ஓடிப்போய்ப் படுத்துக்கறாரு. முதல் நாள் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏப்ரனைக்கூட அவுக்கலை, அப்படியே போர்த்திக்கிட்டாரு. புருவத்துல மாவு. நான் என் முந்தானையால துடைச்சு விட்டேன். அதுல நானும் கூட்டுக்களவாணி ஆயிட்டேன்.

அந்தம்மா தைலம் காய்ச்சி எடுத்துக்கிட்டு வந்து நெஞ்சுல தேய்க்கறாங்க. நோவே இல்லாத நெஞ்சு. பையனோட கம்பளியைக் கொண்டு வந்து போர்த்தினாங்க. வேர்த்து ஊத்துது இவருக்கு. “பாரு, காய்ச்சல் விடுது”ன்னு சந்தோஷப்படறாங்க. எனக்கு அடுப்படியில நிக்க முடியலை.

இருமுறதும் சரியா வரலை. ஆடு செருமுற மாதிரி இருக்கு. என்னன்னு கேட்டா கோவம் வருது. நீங்க சொன்னாக் கேப்பாரு.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணா,

நலம் விசாரிக்கும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. நீ நலமாக இருப்பது தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்கிவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. நீ செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்த அம்மாவின் வாசல்வரை நடந்து போ. “நான் நடந்து வந்திருக்கிறேன், நீங்கள் புறப்படுங்கள்” என்று சொல். உனக்கு வாய் இல்லையென்றால் யாருக்கு இருக்கிறது?

தங்கை


ஏப்ரல் 27

சுண்டெலி,

நீ சுகமான்னு கேக்கறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கு. ஆனாலும் கேக்கறேன்.

சொல்றேன். முதல் நாள் அவங்க வந்தப்போ நான் வாசல்ல ரஸ்க் தட்டை வெயில்ல காயவச்சுக்கிட்டு இருந்தேன். சந்துமுனையில வர்றாங்க. முன்னாடி பையன் ஓட்டுற லாரியில உட்கார்ந்து வருவாங்களாம், இப்ப நடந்து வர்றாங்க. வெயிலுக்குக் கையால நெத்தியை மறைச்சுக்கிட்டு, ஒவ்வொரு வீடா பார்த்துக்கிட்டு. அதே வியாதி, அதே ஊசி, அதே டாக்டர். அவன் போயிட்டான், நான் ரஸ்க் காயவச்சுக்கிட்டு நிக்கறேன். என்னால நிக்க முடியலை. கால் தானா உள்ள போய்க் கட்டில்ல ஏறிடுச்சு. நான் படுன்னு சொல்லவே இல்லை, சத்தியமா.

ஒரு நாள்தானேன்னு நினைச்சேன். அப்புறம் மறுநாளும் வந்தாங்க. நேத்து படுத்திருந்தவன் இன்னைக்கு எப்படி எழுந்து நிக்கறது? நாளாக நாளாக எழுந்திரிக்கறது கஷ்டமாயிடுச்சு. வியாதியில படுத்திருந்தப்பகூட இவ்வளவு கஷ்டமில்லை.

ஒரு தடவை என் நெஞ்சுல காதை வச்சுக் கேட்டாங்க. ஹாரனுக்கும் அப்படித்தான் கேப்பாங்க. என் நெஞ்சு நல்லா ஓடுற சத்தம் அவங்க காதுல விழுந்துடக் கூடாதேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க தலை நரைச்ச தலை, எண்ணெய் வைக்காம காஞ்சு கிடக்கு. என் தாடைக்குக் கீழ அது இருக்கு. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கறேன். எனக்குக் கிடைச்ச மூச்சைத் திருடின பொருள் மாதிரி ஒளிச்சு வச்சுக்கிட்டேன்.

சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை நல்ல நாளு, அன்னைக்கு வர்றப்போ சொல்லிடறேன். உங்க அண்ணி மேல வருத்தப்படாதே, அவ எனக்காகத்தான் துடைச்சு விட்டா.

உன் அண்ணன்


மே 5

சுண்டெலி,

நான் சொல்றதுக்கு முந்தியே தெரிஞ்சுபோச்சு. வியாழக்கிழமை மாவு லாரி வந்துச்சு. மூட்டை இறக்கற ஆளு வரலை. ரெண்டே மூட்டைதானேன்னு நானே தோள்ல ஏத்திக்கிட்டேன். காலை நேரம், அவங்க வர்ற நேரமே இல்லை. வீம்புக்கு டிரைவர்கிட்ட, “பாருய்யா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த ஆளு மாதிரியா இருக்கு?”ன்னு வேற கேட்டேன். திரும்பினா நிக்கறாங்க. கையில தைலப் புட்டி.

மூட்டை தோள்ல இருக்கு. இறக்கவும் தோணலை, நடக்கவும் தோணலை. அவங்க என் காலைப் பார்த்தாங்க, தோளைப் பார்த்தாங்க. புட்டியைக் கடைத் திண்டுல வச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. அப்புறம் வரலை. ஒரு சாயங்காலமும் வரலை.

நான் இப்ப நெசமாவே படுத்துக் கிடக்கேன். எழுந்திருக்க முடியலை. காய்ச்சல் இல்லை.

அண்ணன்


மே 12

அண்ணா,

நேற்று அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. எதிர்பார்த்ததற்கு முன்பே வலி வந்துவிட்டது. தைத்த உடுப்பைக் கொடுக்கப் போயிருந்தேன், அதனால் அருகில் நான் இருந்தேன். பெண் குழந்தை. இருவரும் நலம்.

வலியில் அவள் “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டுக்கொண்டே என் கையைப் பிடித்தாள். என் விரல்கள் இன்னும் வலிக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு அவளிடம் நான் யார் என்று சொன்னேன். குழந்தையைப் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: “உங்க அண்ணனுக்கு இப்ப நல்லாயிருச்சா?”

ஆமாம் என்றேன். “அப்ப அம்மாவை வரச் சொல்லுங்க” என்றாள்.

அவள் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார். கடிதம் எழுத அவளுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. இந்தச் செய்தியை அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய ஆள் நீதான். தபாலில் போடாதே. நடந்து போய்ச் சொல்.

உன் தங்கை


மே 18

ஏ சுண்டெலி, எங்க இருக்கே? கத்திரிக்கோலை வச்சுட்டு வா. நீ சுகமா, மாப்பிள்ளை சுகமா, உன் விரல் வலி விட்டுதா? நான் நல்லா இருக்கேன். முழுசா நல்லா இருக்கேன்.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உட்கார்ந்து எழுதுறேன். இங்க இருக்கிற பெஞ்சுக்கு மூணே காலு. நாலாவது காலுக்குப் பதிலா ஒரு பருமனான ஆளு உட்கார்ந்திருக்காரு, அவரு எழுந்தா நான் கவுந்துடுவேன். அதனால எழுத்து ஆடினா என்னைக் குத்தம் சொல்லாதே.

உன் கடுதாசி வந்த அன்னைக்கே போனேன். லாரி செட்டுக்குப் பின்னாடி ஒரே ரூம், மூலையில ஊருக்குப் போகப் பாதி கட்டின பெட்டி. வெளியில ஹாரன் லாரியிலேர்ந்து கழட்டின பழைய டயர்ல பூச்செடி வச்சிருக்காங்க. நான் வாசல்ல நின்னேன். அவங்க ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாங்க. முறத்துல அரிசியில கல் பொறுக்கிக்கிட்டே இருந்தாங்க.

“குழந்தை பொறந்துடுச்சும்மா. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க”ன்னேன்.

முறத்தைக் கீழ வச்சாங்க. “நான் இல்லாமலா?”ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். எனக்கு அந்தத் தரை பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

அப்புறம் கேட்டாங்க, “ஏன்டா அப்படிப் படுத்துக்கிட்டே?”

“நான் நடமாடுறதைப் பார்த்தா உங்களுக்கு வயிறு எரியுமேன்னு…”

“எரிஞ்சிருக்கும்”னாங்க. “எரியாம இருக்க நான் என்ன கல்லா? எரிஞ்சா எரியட்டுமே. அது என் வயிறுடா. அதுக்கு நீ ஏன் பயந்தே?” முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. “ஒவ்வொரு நாளும் உன் வீட்டுலேர்ந்து திரும்பி நடக்கறப்போ, ரெண்டாவதையும் காப்பாத்தத் தெரியலையே எனக்குன்னு நினைச்சுக்கிட்டே நடப்பேன். ரெண்டு பேரைப் பார்த்துக்கிட்டேன். ஒருத்தன் பொழைச்சான். அதைக்கூட என் கண்ணுல காட்டாம ஒளிச்சு வச்சியேடா.”

சுண்டெலி, உனக்கு வாய் இல்லைன்னா யாருக்கு இருக்குன்னு எழுதினியே, அன்னைக்கு எனக்கு இல்லவே இல்லை. அவங்களுக்குச் சேர வேண்டியதை நான் எனக்குள்ள பூட்டி வச்சிருந்தேன். நான் பொழைச்சது என் சொந்த விஷயம்னு நினைச்சுட்டேன்.

முறத்தைத் தள்ளி வச்சுட்டு, “நட பார்ப்போம்”னாங்க. நான் நடந்தேன். அந்த ரூமுக்குள்ள எங்க நடக்கறது? வெளியில போய் டயரைச் சுத்தி நடந்தேன். “வேகமா”ன்னாங்க. வேகமா நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. வெக்கமா இருந்துச்சு, ஆனா நிக்கலை. கிட்ட வந்து நெஞ்சுல காதை வச்சாங்க. இந்தத் தடவை நான் மூச்சைப் பிடிக்கலை. நல்லா இழுத்து விட்டேன். உள்ள போகுது, வெளிய வருது, ஒரு தடங்கலும் இல்லை. எவ்வளவு பெரிய விஷயம் அது, தெரியுமா? அவங்க காதை எடுக்கவே இல்லை. என் சட்டை நனைஞ்சுபோச்சு.

இப்ப உன் ஊருக்குத்தான் கிளம்பறாங்க. பேத்திக்கு உங்க அண்ணி மொறுமொறுன்னு ரஸ்க் போட்டுக் குடுத்திருக்கா. பல்லே இல்லாத பிள்ளைக்கு எதுக்கடின்னு கேட்டா, பொறந்தவளுக்கு இல்லை பெத்தவளுக்குங்கறா. இந்தக் கடுதாசியையும் அவங்க கையிலேயே குடுத்தனுப்பறேன். பஸ்ஸு நிக்குது, கிளம்பத்தான் காணோம். டிரைவரு டீக்கடையில வெத்தலை போட்டுக்கிட்டு நிக்கறாரு. அவருக்கும் ஒரு கதை இருக்கு, அதை அப்புறம் சொல்றேன்.

நான் இன்னும் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கலை. வாயைத் திறந்தாப் போதும், “டீ குடிச்சியா”ன்னு கேட்டு அடைச்சுடறாங்க. பஸ் கிளம்புறதுக்குள்ள எப்படியாவது கேட்டுடணும். உனக்கு எழுதிப் பார்த்தா வாய்ல வரும்னுதான் எழுதுறேன். அம்மா, நான் படுத்துக்கிட்டது உங்களுக்காகன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஆனா நெசத்துல அது

இரு, கூப்பிடறாங்க. “பஸ்ஸு நகருது, என்னடா எழுதிக்கிட்டே உட்கார்ந்திருக்கே, பெட்டியைத் தூக்கு, உனக்குத்தான் ஒரு நோவும் இல்லையே!”ங்கறாங்க, நான் போய்